'நாட்': ஒன்றுமில்லாத சொல்லின் வரலாறு – கேள்வி பதில்

கேள்வி: ஒன்றுமில்லை என்ற பொருளில் வரும் ஆங்கிலச் சொல் 'நாட்' (என்-ஏ-யு-ஜி-எச்-டி) எவ்வளவு பழையது?

பதில்: பழைய ஆங்கிலத்திலேயே உண்டு. அன்றைய வடிவம் 'நாவிஹ்ட்'. 'நா' எதிர்மறை, 'விஹ்ட்' என்றால் பொருள் அல்லது உயிர். பேச்சில் தேய்ந்து 'நாஹ்ட்' ஆயிற்று. இன்று வாயில் வராத அந்த ஜி-எச், அப்போது தொண்டையில் உரசி ஒலித்த எழுத்து.

கேள்வி: ஏ போட்டும் எழுதுகிறார்கள், ஓ போட்டும் எழுதுகிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும். 'நோவிஹ்ட்' என்ற வடிவமும் அன்றே இருந்தது. பிரிட்டனில் பூஜ்யம் என்ற எண்ணுக்கு ஓ. முயற்சி வீணானதைச் சொல்லும் 'கம் டு நாட்' தொடருக்கு ஏ. அமெரிக்காவில் பெரும்பாலும் ஏதான்.

கேள்வி: 'ஐ டூ நாட்' என்பதில் வரும் என்-ஓ-டி இதற்கு உறவா?

பதில்: உறவென்ன, இதே சொல்தான். பழைய ஆங்கிலத்தில் வினைக்கு முன்னால் 'நே' போட்டால் எதிர்மறை. அது அழுத்தமில்லாத சிற்றசை, காதில் விழாமலே போய்விடும். அதனால் வினைக்குப் பின்னால் 'நாட்' சேர்த்து, 'ஒன்றுமே' என்று அழுத்தினார்கள். எல்லாரும் எப்போதும் சேர்க்கவே அழுத்தம் போனது, எதிர்மறை வேலை மட்டும் மிஞ்சியது. 'நே' உதிர்ந்தது, 'நாட்' குறுகி என்-ஓ-டி ஆனது. பிரெஞ்சில் எதிர்மறைக்கு வரும் 'நே... பா'வும் இதே பாதையில் போகிறது: பேச்சில் 'நே' உதிர்கிறது, காலடி என்று பொருள்பட்ட 'பா' தனியாக நிற்கிறது. டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் 1917இல் இதை விளக்கியதால் 'யெஸ்பர்சன் சுழற்சி' என்கிறார்கள்.

கேள்வி: 'நாட்டி' பிள்ளைகள்?

பதில்: அதுவும் இதன் கிளை. முதலில் 'ஒன்றும் இல்லாதவன்', அதாவது ஏழை. பிறகு கெட்டவன். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் போர்ஷியா சொல்லும் 'நாட்டி வேர்ல்ட்' பொல்லாத உலகம். குறும்பு உலகம் என்று பெயர்த்தால் காரியம் கெட்டது. குழந்தைக் குறும்பு 17ஆம் நூற்றாண்டில்தான் ஒட்டிக்கொண்டது.

கேள்வி: 'ஆட்' (ஏ-யு-ஜி-எச்-டி) என்பதும் பூஜ்யம்தானா?

பதில்: இடத்தைப் பொறுத்தது. பிறப்பால் அது 'ஏதாவது' என்ற நேர்மறைச் சொல். 'ஃபார் ஆட் ஐ நோ' என்பதில் இன்னும் அப்படித்தான். 'எ நாட்' என்பதை 'ஆன் ஆட்' என்று தவறாகப் பிரித்ததால் பூஜ்யமும் ஆயிற்று. 'எ நாப்ரன்' 'ஆன் ஏப்ரன்' ஆன கதை. ஆண்டையோ எண்ணையோ வாசிக்கும் இடமென்றால் பூஜ்யம், மற்ற இடங்களில் பெரும்பாலும் 'ஏதாவது'. வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பேச்சில் இந்தக் குழப்பமே இல்லை: 'நௌட்' ஒன்றுமில்லை, 'அவுட்' ஏதாவது.