மாஸ்க்கும் மாத்திரையும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வயது 52. மூன்று மாத்திரை போட்டும் பி.பி. 150/96-லேயே நிற்கிறது. குறட்டை பற்றிச் சொன்னதும் டாக்டர் தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். குறட்டைக்கும் பி.பி.க்கும் என்ன சம்பந்தம்?

பதில்: சரியாகத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுப் பாதை மூடிக்கொள்வதுதான் ஸ்லீப் ஆப்னியா. குறட்டை அதன் முக்கிய அறிகுறி. மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நின்றால் அதை ஒரு தடையாக எண்ணுவார்கள். ஒவ்வொரு தடையின்போதும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கும். மூளை பதறி உடம்பை அரைகுறையாக எழுப்பும். நரம்புகள் முறுக்கேறி, ரத்தக்குழாய்கள் சுருங்கி பி.பி. சட்டென்று எகிறும். காலையில் எதுவும் நினைவிருக்காது. சாதாரணமாக இரவில் பி.பி. 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். ஆப்னியா உள்ளவர்களில் பலருக்கு அந்த இறக்கமே இருப்பதில்லை. நரம்புகளின் இந்த முறுக்கம் பகலிலும் தொடரும். உப்பைத் தேக்கிவைக்கும் ஆல்டோஸ்டீரோன் ஹார்மோனும் சிலருக்குக் கூடியிருக்கும்.

ரிப்போர்ட்டில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடை என்று பாருங்கள். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. வீட்டில் செய்யும் பரிசோதனைக் கருவிகள் பெரும்பாலும் விழித்திருந்த நேரத்தையும் சேர்த்து வகுப்பதால் எண்ணிக்கை குறைவாகக் காட்டக்கூடும். அறிகுறிகள் பலமாக இருந்தும் 'நார்மல்' என்று வந்தால் லேபில் ஓர் இரவு படுத்துப் பார்ப்பதே சரி. இன்னொன்று: வலி மாத்திரை அடிக்கடி போடுபவர் என்றால் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். அதுவும் பி.பி.யை ஏற்றும்.

கேள்வி: ஸ்லீப் ஆப்னியாவுக்காக, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தொண்டை மூடாமல் காக்கும் சிபாப் மெஷின் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. வாய் காய்கிறது, மூக்குத்தண்டில் புண், காலையில் வயிறு உப்புசம். இரவு 2 மணிக்குக் கழற்றிவிடுகிறேன். பாதி இரவாவது போடுகிறேனே, போதாதா?

பதில்: போதாது. கனவுத் தூக்கம் பின்னிரவில்தான் அதிகம். தசைகள் மிகவும் தளர்வதும், பலருக்குத் தடைகள் நீண்டு மோசமாவதும் அப்போதுதான். நீங்கள் கழற்றுவது சரியாக அந்த நேரத்தில். 'நான்கு மணி நேரம் போட்டால் போதும்' என்று சொல்வார்கள். அது மெஷினை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று கணக்கெடுப்பதற்காக வைத்த எல்லை. தூங்கும் நேரம் முழுவதும் போடுவதுதான் சிகிச்சை.

புண்ணுக்குக் காரணம் பெரும்பாலும் ஸ்ட்ராப்பை இறுக்குவது. காற்று கசிகிறது என்று இறுக்குவோம். இறுக்க இறுக்க, முகத்தில் படியும் மாஸ்க் மெத்தையின் விளிம்பு மடங்கி இன்னும் கசியும். மல்லாந்து படுத்து, மெஷினை ஓடவிட்டு, ஸ்ட்ராப்பைத் தளர்த்துங்கள். மாஸ்க்கை முகத்திலிருந்து சற்றே தூக்கி மறுபடி படியவிடுங்கள். பிறகு இரு பக்கமும் சமமாக, கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் இழுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் அளவு தவறு, மாற்றிக் கேளுங்கள். முகத்து எண்ணெய்ப் பசையும் தாடியும் கசிவைக் கூட்டும். மாஸ்க் மெத்தையைத் தினமும் மிதமான சோப்பு நீரில் கழுவுங்கள்.

வாய் காய்ந்தால் முதலில் மூக்கடைப்பைக் கவனியுங்கள். மூக்கு அடைத்தால் வாய் திறக்கும், காற்று அந்த வழியாகப் போய்விடும். படுக்கும் முன் உப்புநீர் ஸ்ப்ரே அடித்து, காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரை ஒரு படி ஏற்றுங்கள். டியூபில் தண்ணீர் கோத்துக் களகளவென்றால் ஒரு படி இறக்கி, டியூபைப் போர்வைக்குள் விடுங்கள். அப்போதும் வாய் திறந்தே இருந்தால் வாயையும் மூடும் மாஸ்க் தேவைப்படலாம். ஹியூமிடிஃபையர் தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். மிச்சத்தைக் காலையில் கொட்டிவிடுங்கள்.

உப்புசம் என்றால் காற்றை விழுங்குகிறீர்கள். தலைமாட்டை உயர்த்திப் பாருங்கள். பிரஷரை நீங்களாக மாற்றாதீர்கள். மெஷினில் பதிவான கசிவு அளவையும் மாஸ்க் போட்டும் மிஞ்சும் தடைகளின் எண்ணிக்கையையும் பார்த்து டாக்டர் மாற்றுவார். அந்தத் தடை எண்ணிக்கை மணிக்கு 5-க்குக் கீழே இருப்பது நல்லது. மாஸ்க் போட்டாலே மூச்சு முட்டுகிறவர்கள், பகலில் டி.வி. பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் போட்டுப் பழகலாம்.

சில மாஸ்க்குகளின் க்ளிப்பில் காந்தம் உண்டு. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வாங்கும் முன் இதைக் கேட்டேயாக வேண்டும்.

கேள்வி: மூன்று மாதமாகத் தினமும் 6 மணி நேரம் சிபாப் போடுகிறேன். பி.பி. மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: கூடாது. சிபாப் இறக்கும் பி.பி. சராசரியாக 2 முதல் 3 புள்ளிதான். மருந்துக்கு அடங்காத பி.பி. உள்ளவர்களுக்கும் அதிக நேரம் போடுபவர்களுக்கும் சற்றுக் கூடுதலாக இறங்கலாம். ஒரு வாரம் காலையும் மாலையும், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து எழுதுங்கள். எழுந்தால் தலைசுற்றுகிறது, அளவும் இறங்கியிருக்கிறது என்றால் அந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள். எந்த மாத்திரையை எவ்வளவு குறைப்பது என்று அவர் சொல்வார். எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பது தடை, பி.பி. இரண்டுக்குமே உதவும். இரவு மதுவும், டாக்டரைக் கேட்காமல் போடும் தூக்க மாத்திரையும் தொண்டையை மேலும் தளர்த்திவிடும்.