டோக்கன் கொடுக்கும் முன்பு

கேள்வி: மடிப்பாக்கத்தில் 12 வருடப் பழைய டபுள் பெட்ரூம் ஃப்ளாட் பிடித்திருக்கிறது. 950 சதுர அடி, யு.டி.எஸ். (ஃப்ளாட்டுக்குரிய பிரிக்கப்படாத நிலப் பங்கு) 430 சதுர அடி. உரிமையாளர் 68 லட்சம் சொல்கிறார். ‘வேறு பார்ட்டி ரெடியாக இருக்கிறது, இன்றே ஒரு லட்சம் டோக்கன் போடுங்கள்’ என்று தரகர் நெருக்குகிறார். விலை பேசும் முன்பு எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
- வாசகி, சென்னை

பதில்: முதலில் உங்கள் கையிருப்பு. 65 லட்சத்துக்குப் படிகிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 52 லட்சம் தரும். மீதி 13 லட்சம் உங்களுடையது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், சேர்த்து 5.85 லட்சம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு இதைவிட அதிகமாக இருந்தால் அதன் மேல் கணக்கிடுவார்கள். இதற்கும் கடன் கிடைக்காது. தரகு, வக்கீல் கட்டணம் எல்லாம் சேர்த்தால் 20 லட்சம் கையில் இருக்க வேண்டும். பலர் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: வங்கியின் மதிப்பீட்டாளர் 60 லட்சம்தான் பெறும் என்று எழுதிவிட்டால் கடன் 48 லட்சமாகிவிடும். அந்த 4 லட்சத்துக்கு எங்கே போவீர்கள்? எனவே இந்த வாரமே வங்கியில் பேசி, உங்கள் தகுதித் தொகையை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அடுத்து, பதிவுத்துறை இணையதளத்தில் 30 வருட வில்லங்கச் சான்று எடுங்கள். அதே சர்வே எண்ணில் பக்கத்து ஃப்ளாட்கள் கைமாறிய தொகையும் அதில் இருக்கும். சிலர் குறைத்துப் பதிந்திருப்பார்கள் என்றாலும், பேரம் பேச அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. பழைய ஃப்ளாட்டில் கட்டடத்தின் மதிப்பு தேயும், நிலத்தின் மதிப்புதான் நிற்கும். ஆகவே 950-ஐ விட 430-ஐ வைத்தே விலையை எடைபோடுங்கள். சான்றில் உரிமைப் பத்திர ஒப்படைப்பு (கடனுக்காகப் பத்திரத்தை வங்கியில் வைப்பது) என்று ஒரு பதிவு இருந்து, அந்தக் கடனைத் தீர்த்த ரசீது பதிவாகாமல் இருந்தால், அசல் பத்திரம் இன்னும் வங்கியிடம் இருக்கக்கூடும். வாரிசுத் தகராறு, பதிவாகாத ஒப்பந்தம் போன்றவை சான்றில் வராது. மூலப்பத்திரம் (சொத்தின் முந்தைய உரிமையாளர்களின் பத்திரம்) வரை வக்கீல் பார்த்தே ஆகவேண்டும்.

வீட்டை ஒரு மழை நாளில் போய்ப் பாருங்கள். தெருவில் தண்ணீர் நிற்கிறதா, போர்வெல் தண்ணீர் உப்பா, கார் பார்க்கிங் பத்திரத்தில் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

இவ்வளவும் சரியென்றால் டோக்கன் கொடுங்கள். ஆனால் வெறும் ரசீது போதாது. ‘வக்கீல் கருத்து பாதகமாக இருந்தாலோ வங்கி கடன் மறுத்தாலோ 7 நாளில் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும்’ என்று எழுதி உரிமையாளர் கையெழுத்திட வேண்டும், தரகர் அல்ல. விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் 1 சதவீதம் டி.டி.எஸ். (விற்பவருக்குத் தரும் பணத்தில் பிடிக்கும் வருமான வரி) பிடித்து அரசுக்குக் கட்டுவது உங்கள் பொறுப்பு. அது விலைக்குள்ளேயே அடங்கும் என்பதை உரிமையாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பிறகு போடும் விற்பனை ஒப்பந்தத்தைத் தமிழ்நாட்டில் பதிவு செய்வது கட்டாயம்.

கேள்வி: முன்பணத்தில் 5 லட்சத்தை ரொக்கமாகக் கேட்கிறார்கள். தரலாமா?
- வாசகர், தாம்பரம்

பதில்: வேண்டாம். சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விதிக்கலாம். உங்களுக்கும் நஷ்டம்தான். பத்திரத்தில் ஏறாத பணத்துக்குக் கடன் கிடைக்காது. நாளை நீங்கள் விற்கும்போதும் அது உங்கள் கொள்முதல் விலையில் சேராது, அந்த 5 லட்சமும் லாபமாகக் கணக்காகி வரி கட்ட நேரும்.