டாக் சேனல்னா என்ன? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டெக்சாஸ்ல இருக்குற பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தப்ப மாப்பிள்ளை போன்ல போலீஸ் ஸ்கேனர், அதாவது போலீஸ்காரங்க ரேடியோவுல பேசிக்கிறதைக் கேக்க வைக்கிற ஆப், போட்டுக் காட்டினார். எல்லாரும் பேசிக்கிட்டே இருந்தாங்க, திடீர்னு "டாக் சேனலுக்கு வாங்க"ன்னு ஒருத்தர் சொன்னதும் பாதிப்பேர் சத்தத்தையே காணோம். எங்க போனாங்க? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: முதல்ல உங்க காதுல விழுந்தது டிஸ்பேட்ச் சேனல். கன்ட்ரோல் ரூம் உட்கார்ந்திருக்கிற இடம் அது. திருட்டு, விபத்து, வண்டி நம்பர் விசாரிக்கிறதுன்னு ஊர் முழுக்க நடக்குற அத்தனையும் அதுலதான் ஓடும். ஒரு வீட்டைச் சுத்தி வளைக்கிறாங்கன்னு வைங்க, பின்வாசல்ல நிக்கிறவரும் முன்வாசல்ல நிக்கிறவரும் நொடிக்கு நொடி பேசணும், அதை டிஸ்பேட்ச்லயே பேசினா மத்த வேலை எல்லாம் நின்னுடும். அதனால அந்த வேலைக்கு மட்டும் தனியா ஒரு சேனலுக்குப் போயிடுவாங்க. அதுதான் டாக் சேனல். டாக்னா பேச்சு இல்ல, டாக்டிகல்ங்கிறதோட சுருக்கம், அதாவது களத்துல நடக்குற நடவடிக்கைக்கானது. பல துறைகளுக்குச் சொந்தமா இப்படி சேனல் இருக்கும், அது போக பக்கத்து ஊர், பக்கத்து மாநில போலீஸ் வந்தா சேர்ந்து பேச நாடு முழுக்கப் பொதுவான சேனல்களும் இருக்கு. வி-கால் 10-ல கூப்பிடணும், அங்கிருந்து வி-டாக் 11, 12, 13, 14-ல ஒண்ணுக்கு மாறச் சொல்வாங்க. முதல் எழுத்து வி-ன்னா விஎச்எஃப், யூ-ன்னா யூஎச்எஃப், 8-ன்னு ஆரம்பிச்சா 800 மெகாஹெர்ட்ஸ், மூணும் ரேடியோ அலைவரிசைல வேற வேற பகுதிகள். கடைசில டி இருந்தா ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி இன்னும் தூரமா அனுப்புற கருவி) இல்லாம ரேடியோவுக்கு ரேடியோ நேரா பேசுறது. பேரைப் பார்த்தாலே தன்னோட ரேடியோவுல அது வேலை செய்யுமான்னு போலீஸ்காரருக்குத் தெரிஞ்சிடும், எனக்கு இந்தப் பேர் வைக்கிற முறை ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி: அவ்வளவு பணக்கார நாட்டுல ஒரு துறை பேசுறது இன்னொரு துறைக்குக் கேக்காதுன்னு படிச்சேன். நிஜமா? ரேடியோவை மாத்தினா முடிஞ்சு போச்சே? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: நிஜம்தாங்க, அதுக்குக் கொடுத்த விலையும் பெருசு. 2001 செப்டம்பர் 11 காலைல நியூயார்க்ல உலக வர்த்தக மையத்தோட தெற்கு கோபுரம் 9:59-க்கு விழுந்துச்சு, வடக்கு கோபுரம் 10:28-க்கு. நடுவுல இருந்தது 29 நிமிஷம். மேல பறந்த போலீஸ் ஹெலிகாப்டர்ல இருந்தவங்க வடக்கு கோபுரமும் தாங்காதுன்னு சொன்னாங்க, ஆனா அது போலீஸ் ரேடியோவுலதான் போச்சு, உள்ளே படியேறிக்கிட்டிருந்த தீயணைப்பு வீரர்களோட ரேடியோவுக்கு அது வர வழியே இல்ல. தீயணைப்பு அதிகாரிங்க தங்க ரேடியோவுல வெளியேறச் சொன்னதும் நிறைய பேருக்குக் கேக்கல, சேனல்ல ஒரே நெரிசல், சிலர் வேற சேனல்ல இருந்தாங்க, கட்டடத்துக்குள்ள சிக்னலும் சரியா எட்டல. பக்கத்துக் கோபுரம் விழுந்ததே தெரியாம உள்ளே இருந்தவங்க பல பேர். அன்னைக்கு 343 தீயணைப்பு வீரர்கள் உயிரை விட்டாங்க. எல்லா சாவுக்கும் ரேடியோதான் காரணம்னு சொல்ல முடியாது, ஆனா அந்த 29 நிமிஷத்தை நினைச்சா இன்னும் மனசு ஆறல.

இதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி 1999-ல கொலராடோவுல கொலம்பைன் பள்ளிக்கூடத்துல துப்பாக்கிச் சூடு நடந்தப்பவும் ஓடி வந்த துறைகளோட ரேடியோ ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகல.

ரேடியோவை மாத்தினா மட்டும் முடியாதுங்க. 155.475 மெகாஹெர்ட்ஸ்னு ஒரு அலைவரிசை, போலீஸ் அவசரத்துக்குன்னே நாடு முழுக்க ஒதுக்கினது. அதை இல்லினாய்ல ஐஸ்பெர்ன்னு கூப்பிட்டாங்க, கலிஃபோர்னியாவுல நேலமார்ஸ்னு கூப்பிட்டாங்க. ரெண்டு ஊர்க்காரர் பக்கத்துல பக்கத்துல நின்னா ரெண்டு பேர் கையிலயும் அதே அலைவரிசை இருக்கும், ஆனா அவர் சொல்ற பேர் இவர் ரேடியோ திரையில இருக்காது. இப்போ அதோட பொதுப் பேர் வி-லா 31, எல்லா ரேடியோவுலயும் இதே பேர்ல போடுங்கன்னு மத்திய அரசு கையேடே போட்டு சொல்லுது. அந்தப் பொது சேனல்கள்ல பேசும்போது குரலுக்கு அடியில 156.7 ஹெர்ட்ஸ்ல ஒரு டோன், அதாவது ரிப்பீட்டரைத் திறக்குற சாவி மாதிரி ஒரு மெல்லிய ஒலி, போகணும். புரோகிராம் பண்றவர் அதை விட்டுட்டார்னு வைங்க, பட்டனை அமுக்கினா சிவப்பு லைட் எரியும், பேசுறவர் போயிடுச்சுன்னு நினைப்பார், ஆனா ரிப்பீட்டர் திறக்கவே திறக்காது, ஒருத்தருக்கும் கேக்காது. இதெல்லாம் ஆபத்து நேரத்துல கண்டுபிடிக்கிற விஷயமா சொல்லுங்க, மாசம் ஒரு தடவை பக்கத்து ஊரோட பேசிப் பார்த்தா தெரிஞ்சிடும்.

இன்னொண்ணு கோடு, அதாவது ரேடியோவுல பேச்சுக்குப் பதிலா சொல்ற சங்கேத எண். 10-50-ன்னா பல ஊர்ல கார் விபத்து, நியூயார்க்லயோ ரகளை. அதனாலதான் பல துறை சேர்ந்து வேலை பார்க்குற இடத்துல கோடு வேண்டாம், சாதாரண பேச்சுலயே சொல்லுங்க, மத்திய அரசு நிதி வேணும்னா இப்படித்தான்னு 2006-ல விதி வந்துச்சு. பெரிய சம்பவம்னா ரேடியோவுக்குன்னே ஒரு அதிகாரி வந்து யாருக்கு எந்த சேனல், எதுக்குன்னு ஒரே தாள்ல எழுதி எல்லார் கையிலயும் கொடுத்துடுவார். அந்த ஒரு தாள் பல லட்சம் டாலர் கருவியை விட உதவும்னு நான் நம்புறேன்.

கேள்வி: எல்லார் கையிலயும் செல்போன் இருக்கே, இவ்வளவு சிக்கல் எதுக்கு? (வாசகர், சேலம்)

பதில்: பெரிய அசம்பாவிதம் நடந்தா ஊரே ஒரே நேரத்துல போன் எடுக்கும், லைன் கிடைக்காது. அதுக்குத்தான் 2012-ல சட்டம் போட்டு போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்சுக்கு முன்னுரிமை கொடுக்குற ஃபர்ஸ்ட்நெட்னு தனி நெட்வொர்க் கொண்டு வந்தாங்க, நல்லாவே உதவுது. ஆனா அதுக்கும் டவர் வேணும். புயல்ல டவர் சாஞ்சாலும் பேட்டரி இருக்குற ரெண்டு ரேடியோ, டி-ன்னு முடியுற ஒரு சேனல் இருந்தா தெருவுக்கு இந்தப் பக்கம் நிக்கிறவர் அந்தப் பக்கம் நிக்கிறவரோட பேசிடலாம்.