ஃப்ரீமேசன் லாட்ஜில் இருந்த அந்தக் காலத்துப் பாதிரியார்கள் இலுமினாட்டிகளா?

கேட்டவர் வீட்டிலும் ஒரு பழைய போட்டோ கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு படத்தில் வெள்ளை அங்கி போட்ட போதகர். இன்னொன்றில் அதே மனிதர் கோட்டுக்கு மேல் சின்ன ஏப்ரன் கட்டிக்கொண்டு நிற்பார். அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதும், முக்கோணத்துக்குள் கண் இருக்கிற வீடியோ ஒன்றை யாராவது அனுப்பியிருப்பார்கள். ஃப்ரீமேசன் என்பது ஒரு பழைய சகோதரச் சங்கம், லாட்ஜ் அதன் கிளை, ஏப்ரன் அவர்கள் கூட்டத்தில் இடுப்பில் கட்டுவது. இலுமினாட்டி என்பது உலகத்தையே ரகசியமாக ஆட்டிவைப்பதாக வதந்தி சொல்கிற கூட்டம். பதில்: இல்லை, அவர்கள் இலுமினாட்டிகள் இல்லை. நான் எந்த லாட்ஜிலும் உறுப்பினர் கிடையாது, யாரையும் சேரச் சொல்லவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கமெண்டில் "காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறாயா" என்று கேட்க ஆட்கள் வருவார்கள்.

என் தாத்தா திருநெல்வேலிப் பக்கம் ஐயராக, அதாவது கிறிஸ்தவச் சபையின் போதகராக இருந்தவர். ஊழியத்தில் இருந்தபோதே லாட்ஜில் சேர்ந்தார். பாட்டிக்குத் தெரியும், சபையாரில் பலருக்கும் தெரியும். அவர் இறந்து பல வருஷம் கழித்து, தகரப் பெட்டியைக் காலி செய்யும்போது ஏப்ரன் கையில் வந்தது. வெள்ளை ஆட்டுத்தோல், ஓரத்தில் வெளிர் நீல ரிப்பன், இரண்டு பக்கமும் வெள்ளி நிறக் குஞ்சம். தோல் மஞ்சளடித்து மடிப்பில் வெடித்திருந்தது.

அத்தை அதை ஜெபக்குழுவில் சொல்லிவிட்டார். குழுவை நடத்துகிறவர் வீட்டுக்கே வந்தார். இது இருக்கும்வரை குடும்பத்தைச் சாபம் விடாது என்றார். அத்தை மகளுக்குக் கல்யாணம் தள்ளிப்போவதற்கும் இதுதான் காரணமாம். கொல்லைப்புறத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். தோல் லேசில் எரியவில்லை, சுருண்டு சுருண்டு முடி கருகுகிற வாடை அடித்தது. குஞ்சத்தின் உலோகச் சரங்கள் மட்டும் சாம்பலில் அப்படியே கிடந்தன. வாழ்நாளெல்லாம் பிரசங்க பீடத்தில் நின்ற மனிதரை, அவருடைய பேரப்பிள்ளைகள் எதிரிலேயே பிசாசை வணங்கினவர் என்றார்கள். நான் எதிர்த்துப் பேசினேன். படித்த திமிர் என்று என் வாயை அடைத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். அப்படிக் கிடைத்தவர் வில்லியம் பென்ட்லி. 1759 இல் பாஸ்டனில் பிறந்து, ஹார்வர்டில் படித்து, 1783 முதல் 1819 இல் சாகும்வரை சேலம் (நம்ம சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம்) கிழக்குச் சபையின் போதகராக இருந்தவர். பல மொழிகள் தெரியும், வீடு நிறையப் புத்தகம். ஃப்ரீமேசனும்கூட. அதை அவர் மறைக்கவே இல்லை; லாட்ஜ் விழாக்களில் பேசிய உரைகள் அச்சிலேயே வந்திருக்கின்றன. அதில் சில ஆண்டுகள் மாசசூசெட்ஸ் கிராண்ட் லாட்ஜின் (அந்த மாநில லாட்ஜ்களுக்கெல்லாம் தலைமை) தலைவராக இருந்தவர் பால் ரிவியர், அமெரிக்கப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிக்கிற அதே விடுதலைப் போர் வீரர்.

எங்கள் கொல்லைப்புறத்தில் நடந்தது 1798 லேயே அமெரிக்காவில் நாட்டளவில் நடந்திருக்கிறது. மே 9 அன்று அதிபர் ஆடம்ஸ் அறிவித்த உபவாச நாள். சார்ல்ஸ்டவுன் போதகர் ஜெடிடையா மோர்ஸ் (தந்தி கண்டுபிடித்த சாமுவேல் மோர்ஸின் அப்பா) பிரசங்கத்தில், ஐரோப்பாவின் இலுமினாட்டிகள் அமெரிக்காவுக்குள் நுழைந்து மதத்தையும் அரசையும் கவிழ்க்கப் பார்க்கிறார்கள் என்றார். அவருக்கு ஆதாரம், எடின்பரோ பேராசிரியர் ஜான் ராபிசன் முந்தின ஆண்டு எழுதிய ஒரு புத்தகம். இலுமினாட்டி என்று ஒரு சங்கம் இருந்தது உண்மைதான். 1776 இல் பவேரியாவில் ஆடம் வைஸ்ஹாப்ட் தொடங்கினார், பத்து வருஷத்துக்குள் அரசாங்கமே தடை போட்டு ஒழித்துவிட்டது. அங்கே செத்துப்போன சங்கத்தைத்தான் இவர்கள் அமெரிக்காவில் தேடினார்கள்.

மற்றவர்கள் தயங்கியபோது பென்ட்லி எழுந்து பேசினார். அந்த ஜூன் மாதம் வூஸ்டர் நகரின் மார்னிங் ஸ்டார் லாட்ஜில் பேசும்போது, இந்தக் குற்றச்சாட்டை நேரடியாகவே தாக்கினார். மோர்ஸ் பத்திரிகையில் பதில் எழுதினார். அடுத்த ஆண்டு பிரசங்கத்தில், கையில் அத்தாட்சி இருக்கிறது என்று வர்ஜீனியா லாட்ஜ் ஒன்றின் உறுப்பினர் பட்டியலை வெளியிட்டார். அது பிரெஞ்சு கிராண்ட் ஓரியண்டின் (பிரான்ஸின் தலைமை லாட்ஜ்) கீழ் இருந்த சாதாரண லாட்ஜ். அப்புறம் ஹாம்பர்க்கிலிருந்து எபெலிங் என்ற அறிஞர் பென்ட்லிக்கு எழுதிய கடிதம் செய்தித்தாளில் வந்தது; ராபிசனுடைய நம்பகத்தன்மையே அதில் அடிபட்டது. அதோடு அந்தப் பீதி அடங்கத் தொடங்கியது. ஒரு போதகர் இன்னொரு போதகரிடம் "ஆதாரம் எங்கே" என்று கேட்டதுதான் எனக்கு இதில் பெரிய விஷயம். எங்கள் வீட்டில் அப்படிக் கேட்க ஒருவரும் இல்லை.

"பென்ட்லி திரித்துவத்தையே நம்பாதவர், அதனால்தான் லாட்ஜில் இருந்தார்" என்று சிலர் சொல்வார்கள். அவர் யூனிடேரியன் (திரித்துவத்தை ஏற்காத கிறிஸ்தவர்கள்) பக்கம் சாய்ந்தவர் என்பது சரிதான். ஆனால் திரித்துவத்தை நம்பும் சபைகளின் போதகர்களும் லாட்ஜில் இருந்தார்கள். பிலடெல்பியாவில் ஆங்கிலிக்கன் போதகர் வில்லியம் ஸ்மித் 1778 டிசம்பரில் ஜார்ஜ் வாஷிங்டன் உட்கார்ந்திருக்க ஃப்ரீமேசன்களுக்குப் பிரசங்கம் செய்தார். அடிமையாகப் பிறந்து எபிஸ்கோபல் (அமெரிக்க ஆங்கிலிக்கன்) திருச்சபையின் முதல் கறுப்பினப் போதகரான அப்சலோம் ஜோன்ஸ், அங்கே கறுப்பின ஃப்ரீமேசன்களின் ஆப்பிரிக்க லாட்ஜின் முதல் மாஸ்டர், அதாவது தலைவர். இவர்கள் எல்லோருமா பிசாசுக்கு ஊழியம் செய்தார்கள்? லாட்ஜின் நடுவில் வேதம் திறந்து வைக்கப்பட்டிருக்கும், உள்ளே மத வாதமும் அரசியலும் பேசக் கூடாது என்பது விதி. ஆண்களுக்கு மட்டும் என்பதும், கைகுலுக்கலில் ரகசியம் என்பதும் எனக்கும் பிடிக்காது. அதற்காகக் குறை சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

பென்ட்லி மேல் எனக்குப் பாசம் வந்ததற்கு இன்னொரு காரணம் அவருடைய டைரி. 1790 டிசம்பர் 29 அன்று, மெட்ராஸிலிருந்து வந்த ஒருவரை முதன்முதலாகப் பார்த்ததை எழுதியிருக்கிறார்: நல்ல கறுப்பு, நீளமான கருங்கூந்தல், மென்மையான முகம், உயரமான ஆள், கேப்டன் ஜிபோவோடு கப்பலில் வந்தவர். பெயர் இல்லை, தமிழரா தெலுங்கரா என்றும் இல்லை. ஆனாலும் அந்த ஆள் இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் இருக்கிறார். கடைசியில் அமெரிக்கன் ஆண்டிக்வேரியன் சொசைட்டி என்ற பழம்பதிவுகள் காக்கும் சங்கத்திடம் போய்ச் சேர்ந்து டைரி பிழைத்தது. பிறகு நான்கு தொகுதிகளாக அச்சிலும் வந்தது.

இங்கே என் தாத்தா ஞானஸ்நானம் கொடுத்த பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று சேகர (பக்கத்துச் சபைகள் சேர்ந்த பிரிவு) அலுவலகத்தில் கேட்டேன். முதலில் கமிட்டி அனுமதி என்றார்கள், அப்புறம் செயலாளர் ஊரில் இல்லை, கடைசியில் கரையான் அரித்துவிட்டது என்றார்கள். அசன பண்டிகை என்கிற சபை விருந்தின் பந்தலுக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கிறவர்களுக்கு ஒரு இரும்பு அலமாரி வாங்க மனசு வரவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் இதை எங்கே போய்ச் சொல்வது?

உங்கள் வீட்டில் ஏப்ரனோ சான்றிதழோ இருந்தால், முதலில் போட்டோ எடுங்கள். பின்னால் பெயரும் லாட்ஜ் எண்ணும் எழுதியிருக்கிறதா பாருங்கள். பிளாஸ்டிக்கில் சுற்ற வேண்டாம், தோல் பூசணம் பிடிக்கும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றிக் காய்ந்த இடத்தில் வையுங்கள். எரிக்கச் சொல்லி யார் வந்தாலும் கொடுக்காதீர்கள்.