எமர்சன், தோரோ எழுதிய இயற்கை நூல்களை எங்கிருந்து தொடங்குவது? ஆன்மிகத் தேடல் உள்ளவருக்கு அவை உதவுமா?

இருவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தாளர்கள். நேராகச் சொல்லிவிடுகிறேன். எமர்சனில் தொடங்காதீர்கள். வால்டன் என்ற குளத்தின் கரையில் குடிசை போட்டு வாழ்ந்ததைப் பற்றி தோரோ எழுதிய 'வால்டன்' நூலை எடுத்து, முதல் அத்தியாயத்தையும் இப்போதைக்கு விட்டுவிட்டு, குளிர்காலத்தில் அந்தக் குளம் எப்படி இருந்தது என்று எழுதியிருக்கும் பதினாறாவது அத்தியாயத்துக்கு நேரே போய்விடுங்கள். மொத்தம் பதினெட்டு அத்தியாயம்தான், தேடுவது சுலபம்.

ஏன் என்று சொல்கிறேன், அதற்கு என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் எம்.ஏ. ஆங்கிலம் அஞ்சல் வழியில் படித்தேன். எமர்சன் பாடத்தில் இருந்தார். கைடில் 'இயற்கையே இறைவன்', 'எல்லா ஆன்மாவும் ஒரே பேரான்மாவின் பகுதி', 'உள்ளுணர்வே உயர்ந்த அறிவு' என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள், மனப்பாடம் செய்து எழுதினேன், மார்க்கும் வந்தது. ஆனால் அந்த மனிதர் எழுதிய ஒரு பத்தியைக்கூட நான் முழுதாகப் படித்திருக்கவில்லை. அப்புறம் பல வருஷம் அவர்களுடைய வரிகள் காலை வணக்கப் படங்களில் மலைக்கும் சூரியனுக்கும் கீழே எழுதப்பட்டு வந்துகொண்டே இருந்தன. அதனால் இதெல்லாம் வசதியாக உட்கார்ந்துகொண்டு அழகாகப் பேசும் ஆட்கள் எழுதியது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா போன பிறகு பட்டா வேலைக்காக ஊரில் ஒரு மாதம் தனியாக இருக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் செல்போனில் 'வால்டன்' படித்தேன். முதல் அத்தியாயம் மிக நீளம், பாதியில் சலித்துப்போய் எங்கோ நடுவில் தள்ளித் திறந்தபோது இந்த இடம் வந்தது: மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் கான்கார்டு ஊர்க்காரர்கள் பலர் வால்டன் குளத்துக்கு அடியே கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். தோரோ 1846-ன் தொடக்கத்தில், பனிக்கட்டி உடைவதற்கு முன்பு, திசைகாட்டியும் சங்கிலியும் நூலும் எடுத்துக்கொண்டு போய் அந்தக் குளத்தை அளக்கிறார். மீன்பிடி நூலில் சுமார் ஒன்றரை பவுண்டு எடையுள்ள ஒரு கல்லைக் கட்டி இறக்குகிறார். கல் தரையை விட்டு எப்போது கிளம்புகிறது என்று எப்படித் தெரிந்தது? தண்ணீர் கல்லுக்கு அடியில் புகுந்து தூக்கிக் கொடுக்கும் வரைக்கும் கை கூடுதலாக இழுக்க வேண்டியிருந்ததாம், அதை வைத்துச் சொல்கிறார்.

இதைப் படித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் பாதாளக்கரண்டி இருந்தது, வாங்கப் போனால் ஒரு செம்பை வைத்துவிட்டு வர வேண்டும். கிணற்றில் வாளி விழுந்துவிட்டால் அப்பாதான் அதை இறக்கித் துழாவுவார். கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, கயிற்றை இரண்டு விரலில் பிடித்தபடி, "சேறு", "கல்லு", "இந்தா மாட்டிக்கிச்சு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். முப்பது அடிக்குக் கீழே இருப்பது அவர் விரலுக்குத் தெரிந்தது. 1846-ல் மாசசூசெட்ஸில் ஒருவர் கையில் உணர்ந்ததும் அதே விஷயம்தான். எனக்கு தோரோ அந்த நிமிஷம்தான் ஆரம்பித்தார்.

அந்தக் குளத்தின் அதிக ஆழம் 102 அடி. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் அளந்து படமும் வரைந்தார். இந்தக் குளம் ஒரு குறியீடாக இருப்பதற்கென்றே ஆழமாகவும் தூய்மையாகவும் படைக்கப்பட்டதற்கு நன்றியோடு இருக்கிறேன் என்று அடுத்தே எழுதுகிறார். மனிதர்கள் முடிவில்லாத ஒன்றை நம்பும் வரை சில குளங்களுக்கு அடியில்லை என்றுதான் நினைப்பார்கள் என்கிறார். நீங்கள் ஆன்மிகம் பற்றிக் கேட்டீர்கள் இல்லையா, எனக்கு அதற்கான பதில் இந்த இடம்தான். அளக்காமல் அதிசயப்படுவது சுலபம். இவர் நூல் விட்டு அளந்தார், அடி எண்ணிக்கை சொன்னார், அதற்குப் பிறகும் அவருக்கு அந்தத் தண்ணீர் மேல் இருந்த பக்தி ஒரு துளி குறையவில்லை. இந்த எழுத்தாளர்களிடம் நான் கற்றுக்கொண்டது இதுதான், மற்றதெல்லாம் எனக்கு இதற்குப் பிறகுதான்.

அடுத்த அத்தியாயத்தில் வசந்தம் வருகிறது. ரயில் பாதைக்காக வெட்டிய மண் சரிவில் பனி உருகும்போது ஈர மணல் கசிந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், பக்கம் பக்கமாக அதே மணல். அது வழியும்போது இலை மாதிரி, கொடி மாதிரி, சிறுத்தைப் பாதம் மாதிரி, நுரையீரல் மாதிரி விரிகிறது. மண்ணுக்குள்ளேயே இலை இருக்கிறது, உயிரில்லாதது என்று எதுவுமே இல்லை என்று அங்கிருந்து சொல்லிப் போகிறார். கவனியுங்கள், அது அருவியும் இல்லை, மலைச்சிகரமும் இல்லை, ரயில்வே வெட்டிப்போட்ட மண்மேடு.

சரி, எமர்சன். அவரை ஒதுக்கச் சொல்லவில்லை, இரண்டாவதாகப் படிக்கச் சொல்கிறேன். அவர் பாஸ்டனில் யூனிடேரியன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபையில் போதகராக இருந்தவர். மனைவி எலன் 1831-ல் காசநோயில் இறந்தபோது அவளுக்கு வயது 19. அடுத்த வருஷம், அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் இராப்போஜனச் சடங்கை நம்பிக்கையோடு நடத்த முடியவில்லை என்று சொல்லி வேலையை விட்டார். 1836-ல் 'நேச்சர்' என்ற சின்னப் புத்தகத்தைப் பெயர் போடாமல் வெளியிட்டார். 'நான் ஒரு ஒளி ஊடுருவும் விழியாகிறேன், நான் ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் பார்க்கிறேன்' என்ற வரி அதில்தான் வருகிறது. எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், நானும் பரீட்சையில் காட்டினேன். ஆனால் சற்று முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஊர்ப் பொதுத்திடல், அந்தி நேரம், மேகம் மூடிய வானம், பனி உருகிக் கிடக்கும் குட்டைகள். அந்தச் சேற்றைக் கடக்கும்போது, விசேஷமாக எந்த நல்லதும் நினைப்பில் இல்லாதபோது, பயத்தின் விளிம்பு வரைக்கும் மகிழ்ச்சி வந்தது என்கிறார். கைடு இந்தக் குட்டைகளை விட்டுவிட்டு விழியை மட்டும் எனக்குக் கொடுத்திருந்தது.

எமர்சனைப் படிப்பதில் ஒரு சிரமம் உண்டு, அதை முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது. நாட்குறிப்பில் எழுதி வைத்த வாக்கியங்களைச் சொற்பொழிவுக்காக எடுத்து அடுக்கி, அதையே பிறகு கட்டுரையாக்குவது அவர் வழக்கம், அதனால் ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கும். தன் வாக்கியம் ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதை விலக்கித் தள்ளும் துகள் என்று அவரே தன் நண்பரான எழுத்தாளர் கார்லைலுக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஒரே மூச்சில் படித்தால் தலை சுற்றும். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம், அதையும் வாய்விட்டு. போதும்.

1842 ஜனவரியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் தோரோவின் அண்ணன் ஜான், சவரக்கத்தி பட்ட சின்னக் காயத்திலிருந்து வில்வாத ஜன்னி (டெட்டனஸ்) கண்டு இறந்தார். தோரோவுக்கும் காயமே இல்லாமல் அதே நோயின் அறிகுறிகள் வந்தன. அதே மாதக் கடைசியில் எமர்சனின் ஐந்து வயது மகன் வால்டோ ஸ்கார்லெட் காய்ச்சலில் போய்விட்டான். தோரோ அப்போது எமர்சன் வீட்டில்தான் தங்கியிருந்தார், அந்தக் குழந்தையோடு பழகியவர். மூன்று வருஷம் கழித்து 1845 ஜூலை 4 அன்று எமர்சனின் நிலத்தில் குடிசை போட்டு, குளக்கரைக்குக் குடிபோனவர் இவர். அங்கே அவர் எழுதி முடிக்க நினைத்த முதல் புத்தகமே அண்ணனோடு படகில் போன பயணத்தைப் பற்றியது. 1849-ல் ஆயிரம் பிரதி அச்சடித்து, 706 பிரதி விற்காமல் வீட்டுக்கே திரும்பி வந்தது. இது தெரிந்த பிறகு 'வால்டன்' எனக்கு வேறு புத்தகமாகிவிட்டது. அதில் இருக்கும் அமைதி சும்மா வந்த அமைதி இல்லை.

எமர்சன் 1844-ல் வெளியிட்ட 'எக்ஸ்பீரியன்ஸ்' கட்டுரையை இந்த இடத்தில் படியுங்கள். மகன் போனது ஒரு நல்ல சொத்து கைவிட்டுப் போன மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான், அதை இன்னும் பக்கத்தில் கொண்டுவர முடியவில்லை, துக்கம்கூட எனக்கு ஒன்றும் கற்றுத்தர முடியவில்லையே என்று துக்கப்படுகிறேன் என்கிறார். முதல் தடவை கல்நெஞ்சக்காரர் என்று நினைத்தேன். அப்பா காரியம் முடிந்து, அழுகையே வராமல் பட்டாவுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் அலைந்த நாட்களை நினைத்தபோதுதான் அவர் சொல்வது என்னவென்று புரிந்தது. இவ்வளவு உண்மையாக ஒருவர் இதை எழுதி நான் வேறெங்கும் படித்ததில்லை.

நம்மவர்கள் இவர்களைப் படிக்கும்போது ஒரு அவசரம் வரும், 'இது நம்ம வேதாந்தம்தானே' என்று. தொடர்பு உண்மைதான். தோரோ குளக்கரையில் காலை நேரங்களில் கீதை படித்தார், சார்லஸ் வில்கின்ஸ் 1785-ல் வெளியிட்ட மொழிபெயர்ப்பில். 1855-ல் ஒரு ஆங்கிலேய நண்பர் 44 தொகுதி கீழைநாட்டு நூல்களை அனுப்பியபோது, ஆற்றில் மிதந்து வந்த மரத்தில் அவற்றுக்கு அலமாரி செய்து வைத்தார். ஆனால் எமர்சன் வீட்டுக்குக் கீதை வந்து சேர்ந்தது 1845-ல், பேரான்மாவைப் பற்றிய அவருடைய 'ஓவர் சோல்' கட்டுரை 1841-லேயே அச்சாகிவிட்டது. பிளேட்டோ, ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ், தான் விட்டு வந்த சபை எல்லாமே அவரிடம் கலந்திருக்கின்றன. நம்மிடம் வாங்கியது என்று முத்திரை குத்தி மூடிவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

சென்னைக்கும் ஒரு நூலிழை இருக்கிறது. வால்டன் குளத்தில் வியாபாரிகள் பனிக்கட்டி வெட்டியதைப் பார்த்த தோரோ, மெட்ராஸிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வேகும் மக்கள் என் கிணற்றில் குடிக்கிறார்கள் என்று எழுதினார், வால்டன் தண்ணீர் கங்கையோடு கலப்பதாகவும் எழுதினார். மாசசூசெட்ஸிலிருந்து கப்பலில் வந்த ஐஸை வைக்க ஐஸ் வியாபாரி ஃப்ரெடரிக் டியூடர் 1842-ல் கட்டியதுதான் நம் மெரினாவின் ஐஸ் ஹவுஸ். 1897-ல் அமெரிக்காவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் தங்கியது அங்கேதான், இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆனால் தோரோ பார்த்த அந்தப் பத்தாயிரம் டன் ஐஸ் குவியலில் பெரும்பகுதி எந்த ஊருக்கும் போகவில்லை. வெயிலில் கிடந்து 1848 செப்டம்பர் வரை உருகி, அதே குளத்துக்கே திரும்பியது, அவரே சொல்கிறார்.

தோரோவைப் பற்றி ஒரு குற்றச்சாட்டு உங்கள் காதுக்கும் வரும்: காட்டில் தனியாக இருந்ததாகச் சொல்லிக்கொண்டு அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போனார், துணி துவைக்கக் கொடுத்தார் என்று. புத்தகத்தைப் படித்தால் அவர் எதையும் மறைக்கவில்லை என்று தெரியும். ஒன்றிரண்டு நாளைக்கு ஒருமுறை ஊருக்குள் போனேன், வீட்டில் மூன்று நாற்காலி வைத்திருந்தேன், ஒரே நேரத்தில் இருபத்தைந்து முப்பது பேர்கூட வந்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். எனக்கு உறுத்துவது வேறு இடம். 'பேக்கர் ஃபார்ம்' அத்தியாயத்தில் தான் மழைக்கு ஒதுங்கிய குடிசையில் வாழ்ந்த ஓர் ஏழை ஐரிஷ் குடும்பத்துக்கு, டீயும் கறியும் இல்லாமல் வாழ்ந்தால் இவ்வளவு உழைக்க வேண்டாமே என்று உபதேசம் செய்கிறார். மனைவி, கைக்குழந்தை, ஒழுகும் கூரை. அந்தப் பக்கங்களை என்னால் மன்னிக்க முடியவில்லை, எத்தனை தடவை படித்தாலும்.

இதெல்லாம் முடிந்த பிறகு முதல் அத்தியாயத்துக்குத் திரும்புங்கள். குடிசைக்கு 28 டாலர் 12½ சென்ட், அதில் ஆணிக்கு மட்டும் 3 டாலர் 90 சென்ட், அவரை பயிரிட்டதில் லாபம் 8 டாலர் 71½ சென்ட் என்று அரை சென்ட் விடாமல் ஏன் எழுதுகிறார் என்பது அப்போது சலிப்பு தராது. குளத்தை அளந்த அதே கைதான் இதையும் அளக்கிறது. அதற்குப் பிறகு கட்டாடின் மலை ஏறிய கட்டுரை. அங்கே அவருக்கு இயற்கை தாய் மாதிரி இல்லை, பயமாக இருக்கிறது. தன் உடம்பே அந்நியமாகத் தெரிந்து, நாம் யார், எங்கே இருக்கிறோம் என்று கத்துகிறார். எல்லாமே காப்புரிமை முடிந்த நூல்கள், குட்டன்பர்க் தளத்தில் இலவசம்.

நான் இப்போது அவருடைய நாட்குறிப்பில் இருக்கிறேன். 1837 முதல் 1861 வரை, இருபது லட்சம் சொற்களுக்கு மேல். முழுக்கப் படிக்க நினைக்கவில்லை, அன்றைய தேதிக்கு அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று மட்டும் தேடுவேன். 1850-களில் எந்தச் செடி எந்த நாளில் பூத்தது என்று வருஷா வருஷம் குறித்து வைத்திருக்கிறார். பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் குறிப்புகளை இன்றைய பூக்களோடு ஒப்பிட்டு, கான்கார்டில் பல செடிகள் இப்போது முன்கூட்டியே பூக்கின்றன என்று காட்டினார்கள். அதைப் படித்த வாரமே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். எங்கள் தெரு முனைக் கொன்றை இந்த வருஷம் முதல் கொத்து விட்ட தேதி அதில் இருக்கிறது.