ரைன் படகுப் பயணம்: எங்கே ஏறுவது, எந்தப் பக்கம் உட்காருவது?

கேள்வி: பிராங்க்பர்ட்டில் வேலை பார்க்கிறேன். செப்டம்பரில் அப்பா, அம்மா வருகிறார்கள். ஒரே நாளில் ரைன் நதியில் படகில் கூட்டிப் போக ஆசை. மைன்ஸில் ஏறி கோப்லென்ஸ் வரை முழுவதும் போகலாமா? அம்மாவுக்கு முட்டி வலி உண்டு.

பதில்: முழுத் தூரமும் வேண்டாம். ரூடெஸ்ஹைமில் ஏறி, சங்க்ட் கோஆர்ஸ்ஹௌசனில் இறங்குங்கள். மைன்ஸிலிருந்து ரூடெஸ்ஹைம் வரை ஆறு அகலமாகவும் கரை தாழ்வாகவும் இருக்கும். மலைகள் இருபுறமும் நெருங்கி வருவது ரூடெஸ்ஹைமுக்கு எதிர்க்கரையில் உள்ள பிங்கன் ஊரைத் தாண்டிய பிறகுதான். 2002-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததும் அங்கிருந்து கோப்லென்ஸ் வரையுள்ள சுமார் 65 கி.மீ. பள்ளத்தாக்குதான். அதிலும் கோட்டைகள் அடுத்தடுத்து வரும் இடம் முதல் 30 கி.மீ. முட்டி வலியோடு நாள் முழுக்கப் படகில் உட்கார்ந்திருப்பதைவிட, இந்த இரண்டு மணி நேரம் போதும்.

திசையை மாற்றிவிடாதீர்கள். ரூடெஸ்ஹைமிலிருந்து போனால் நீரோட்டத்தோடு போவீர்கள், இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதே தூரத்தை எதிர்த்து வந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடும்.

காலைப் படகையே பிடியுங்கள். ஆறு இங்கே ஏறத்தாழ வடமேற்காக ஓடுகிறது. கோட்டைகளில் பெரும்பாலானவை இடது கரையில், அதாவது மேற்கே இருக்கின்றன. முற்பகலில் வெயில் நேரே அவற்றின் மேல் விழும், படம் தெளிவாக வரும். பிற்பகலில் சூரியன் கோட்டைக்குப் பின்னால் போய்விடுவதால் கறுத்த நிழல்தான் கிடைக்கும்.

மேல்தளத்தில் இடது ஓரமாக உட்காருங்கள். கரையோரம் பெரிய எண்கள் எழுதிய பலகைகள் தெரியும். கான்ஸ்டன்ஸ் பாலத்திலிருந்து கணக்கிட்ட கிலோமீட்டர் அது. 543-இல் பாக்கராக் ஊர். 546-இல் காவுப் ஊர், அங்கே ஆற்றின் நடுவில் 14-ஆம் நூற்றாண்டுச் சுங்கக் கோட்டை ஒன்று நிற்கிறது. அதன் ஒரு முனை கப்பலின் முன்பக்கம் போலக் கூர்மையாக நீரோட்டத்தை எதிர்த்து நிற்பதைக் கவனியுங்கள். குளிர்காலத்தில் மிதந்து வரும் பனிக்கட்டியைப் பிளந்து விலக்கத்தான் அந்த வடிவம். எண் 550-ஐ நெருங்கியதும் எழுந்து வலது பக்கம் போய்விடுங்கள். 554-இல் வலது கரையில் 132 மீட்டர் உயர லோரலைப் பாறை. ஆறு அங்கே ஒடுங்கி வளைகிறது, எதிரே வரும் கப்பல் தெரியாது. அதனால்தான் அந்தப் பகுதியில் கரையோரம் விளக்குச் சமிக்ஞைகள் வைத்திருக்கிறார்கள். பாறையைப் பார்க்க எல்லோரும் ஒரே நேரத்தில் வலது பக்கம் வருவார்கள், முன்கூட்டியே இடம் பிடிப்பது நல்லது.

பலர் தடுமாறுவது இறங்கும்போது. மைன்ஸுக்கும் கோப்லென்ஸுக்கும் இடையே இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பாலம்கூடக் கிடையாது. சங்க்ட் கோஆர் இடது கரை, சங்க்ட் கோஆர்ஸ்ஹௌசன் வலது கரை. பெயரில் குழம்பி மாற்றி இறங்கினால் ஃபெர்ரி பிடித்துத்தான் அக்கரை போக வேண்டும். வலது கரையில் இறங்கினால் ஆர்பி 10 ரயில் ரூடெஸ்ஹைம், வீஸ்பாடன் வழியாக நேரே பிராங்க்பர்ட்டுக்கு வரும். காலையில் ரூடெஸ்ஹைம் போவதும் அதே ரயிலில்தான். இடது கரையில் இறங்கினால் மைன்ஸில் மாற வேண்டும். எந்தப் பாதையிலும் பராமரிப்பு வேலை நடந்தால் ரயிலுக்குப் பதில் பேருந்து ஓடும், முந்தின நாள் ரயில் செயலியில் பாருங்கள். டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி முழுவதும் உள்ளூர், வட்டாரப் போக்குவரத்துக்கான மாதச் சீட்டு) இந்த ரயில்களுக்குச் செல்லும், சுற்றுலாப் படகுக்குச் செல்லாது.

ரூடெஸ்ஹைமில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனித் துறை. டிக்கெட்டில் உள்ள பெயரையும் துறையில் உள்ள பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வரிசையில் நில்லுங்கள்.

அம்மாவுக்காக ஒன்று கவனிக்க வேண்டும். துறை மிதவையாக இருக்கும், கரையிலிருந்து அதற்குச் சாய்பாலம் போட்டிருப்பார்கள். தண்ணீர் குறைந்தால் மிதவை கீழே இறங்கும், சாய்பாலம் செங்குத்தாகும். கோடை முடிவிலும் இலையுதிர் காலத்திலும் இது சகஜம். கைப்பிடியை ஒட்டி மெதுவாக இறங்கச் சொல்லுங்கள். மேல்தளத்துக்குப் படி ஏற முடியாவிட்டால் கீழ்த்தளத்தில் சன்னலோர மேசையே நல்லது. மேலே உட்கார்ந்தால் வெயில் அடித்தாலும் காற்று குளிரும், சால்வை கையில் இருக்கட்டும்.

புறப்படுவதற்கு முந்தின இரவு காவுப் அளவுகோல் காட்டும் நீர்மட்டத்தைப் பாருங்கள். அந்த எண் ஆற்றின் ஆழம் அல்ல: 78 செ.மீ. என்று காட்டினால் கப்பல் பாதையில் சுமார் 1.90 மீட்டர் ஆழம் இருக்கிறது என்று பொருள். எனவே சிறிய எண்ணைப் பார்த்துப் பயணத்தை ரத்து செய்ய வேண்டாம், நிறுவனத்திடம் கேட்டால் போதும். 640 செ.மீ.யை எட்டினால் கப்பல் போக்குவரத்தையே நிறுத்திவிடுவார்கள். செப்டம்பரில் அந்த அளவு வெள்ளம் அபூர்வம்.