படிச்சதை ஃப்ரெண்ட்ஸுக்கு காட்ட ஒரு ப்ளாக்: காசும் வேணாம், கேஸும் வராது

மேலூர்ல இருந்து ஒரு தம்பி கேக்குறாரு: "அண்ணே, ஆன்லைன்ல நல்ல கட்டுரை கெடைச்சா ஃப்ரெண்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல லிங்க் போடுவேன், மறுநாளே குட்மார்னிங் படத்துக்கு அடியில போயிருது, அப்புறம் நானே தேடுனாலும் சிக்க மாட்டேங்குது. இதுக்குன்னு ஒரு ப்ளாக் ஆரம்பிக்கலாமா? காசு ஆகுமா? அடுத்தவங்க எழுதுனதை போட்டா கேஸு கீஸு வந்துருமா?"

தாராளமா ஆரம்பிங்க தம்பி. உங்க தேவைக்கு ப்ளாக்கர்ங்கிற ஓசி ப்ளாக் சைட்டே போதும். 1999ல வந்தது, 2003ல கூகுள் வாங்கிருச்சு, ஜிமெயில் இருந்தா ப்ளாக்ஸ்பாட்னு முடியுற அட்ரஸ் ஓசியிலயே கெடைக்கும். வேர்ட்பிரஸ்லயும் ஓசி பிளான் இருக்கு, ஆனா அவங்க விளம்பரம் நடுவுல வந்து உக்காந்துக்கும். சொந்த டொமைன், அதாவது காசு கட்டி உங்க பேர்ல எடுக்குற தனி வெப் அட்ரஸ், வாங்குங்கன்னு எவனாச்சும் சொன்னா இப்ப வேணாம்னுருங்க, ரினியூ பண்ண மறந்தீங்கன்னா அட்ரஸே கைவிட்டு போயிரும்.

லிங்க்கை மட்டும் போட்டா அதுவும் இன்னொரு ஃபார்வேர்டுதான், அதுக்கு ப்ளாக் எதுக்கு? உங்க ரெண்டு வரிதான் முக்கியம். "கீழடி பத்தி சூப்பர் கட்டுரை, கட்டாயம் படிங்க"ன்னா ஒருத்தனும் தொட மாட்டான். அதையே "கீழடில எடுத்த ஒரு சாம்பிளுக்கு கி.மு. 580னு கார்பன் டேட்டிங்ல வந்துச்சுல்ல, அதை எப்படி கணக்கு போடுறாய்ங்கன்னு இதுல நம்மளுக்கு புரியிற மாதிரி சொல்லிருக்காங்க, இங்கிலீஷ்தான், பத்து நிமிஷத்துல படிச்சுரலாம், பொறுமை இல்லாதவன் நடுவுல இருக்க படத்தை மட்டும் பாரு"ன்னு எழுதிப் பாருங்க, சிலைமான் பக்கம் இருக்க ஃப்ரெண்டு கண்டிப்பா தொறப்பான். என்ன மொழி, எவ்வளவு நேரம், காசு கட்டுனாத்தான் தொறக்குமா, இதையும் சொல்லிருங்க.

கேஸு விஷயத்துக்கு வருவோம். லிங்க் குடுக்குறதுல ஒரு பயமும் வேணாம். 1957 காப்பிரைட் சட்டம் 52வது பிரிவுல, விமர்சனம் பண்றதுக்காக அளவா எடுத்துக் காட்டலாம்னு இடம் குடுத்துருக்கு, அதனால ஒரு பத்தியை மேற்கோள்ல போட்டு அதைப் பத்தி நீங்க நாலு வார்த்தை எழுதுனா போதும். முழு கட்டுரையையும் காப்பி பேஸ்ட் பண்ணிட்டு கீழ "நன்றி"ன்னு பத்திரிகை பேரை போட்டா சரியாப் போச்சுன்னு நம்மாளுங்க நெனைக்கிறாய்ங்க பாருங்க, அதான் தப்பு, நன்றி சொல்றது அனுமதி வாங்குனதா ஆகாது. போட்டோவுக்கும் இதே கதைதான். முழுசா எதையாவது போட ஆசையா இருந்தா எழுதுனவரு இறந்து 60 வருஷம் தாண்டுனதா எடுங்க, இல்லன்னா தமிழ் நூல்களை இணையத்துல ஏத்தி வைக்கிற, 1998 பொங்கல்ல ஆரம்பிச்ச மதுரைத் திட்டம் இருக்கு, சங்க இலக்கியத்துல இருந்து ஏகப்பட்டது அதுல ஓசியா கெடைக்குது, அவங்க முகப்புக் குறிப்பை மட்டும் வெட்டாம வச்சுக்கணும்.

லிங்க்கை ஒட்டுறப்ப ஒரு வேலை பாக்கணும். கேள்விக்குறிக்கு அப்புறம் யுடிஎம்னு ஆரம்பிச்சு நீளமா ஒரு வாலு தொங்கும், நீங்க எந்த வழியா வந்தீங்கன்னு வேவு பாக்குறதுக்கு, அதை வெட்டிருங்க. யூட்யூப்ல மட்டும் சூதானம், கேள்விக்குறியை ஒட்டி வர்ற 'வி'யை வெட்டுனா வீடியோவே வராது. அப்புறம் பத்திரிகைக்காரங்க சைட்டை மாத்துனா பழைய லிங்க்கெல்லாம் செத்துப் போகும், அதனால பதிவு போடுற அன்னைக்கே இணையப் பக்கங்களை நகல் எடுத்து வச்சுக்கிற வேபேக் மெஷின்ங்கிற சைட்டுல அந்தப் பக்கத்தை சேவ் பண்ணி அந்த லிங்க்கையும் கீழ குடுத்துருங்க.

ஃப்ரெண்ட்ஸ் தானா வந்து பாப்பாங்கன்னு எதிர்பாக்காதீங்க, ஒருத்தனும் வர மாட்டான். ப்ளாக்கர் செட்டிங்ஸ்ல ஈமெயில் பகுதியில பத்து பேரோட ஐடி வரைக்கும் குடுக்கலாம், புதுப் பதிவு அவங்களுக்கு மெயில்ல போயிரும். மத்தவங்களுக்கு அதே வாட்ஸ்அப் குரூப்தான், ஆனா இப்ப பதிவோட லிங்க்கை போடுங்க. வெளியாளுக பாக்க வேணாம்னா வாசகர் அனுமதியில குறிப்பிட்ட ஆளுகளுக்கு மட்டும்னு வைக்கலாம், அப்ப அவங்க ஒவ்வொருத்தரும் ஜிமெயில்ல லாகின் பண்ணித்தான் பாக்கணும், அதுக்கு சோம்பேறித்தனப்பட்டு பாதிப் பேரு கழண்டுருவாய்ங்க. கூகுள் தேடல்ல வராம வச்சாலே போதும்ங்கிறது என் கணக்கு, அதுக்கும் அங்கேயே தனி பட்டன் இருக்கு.

லேபிள் மறக்காதீங்க. வரலாறு, சாப்பாடு, கிரிக்கெட்டுன்னு அஞ்சாறு போதும், பதிவுக்கு ஒண்ணு வச்சா அதை வச்சே பின்னாடி தேடி எடுத்துக்கலாம். அப்பப்ப செட்டிங்ஸ்ல பேக்கப் எடுத்து ஃபைலை உங்க கம்ப்யூட்டர்லயும் போட்டு வச்சுக்கங்க.